எதைத் தடுப்பது

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தி. நகரில் ஒரு மின்னஞ்சல் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றால் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். உள்ளறையில் ஏ.சி. ஓடும், அது சர்வருக்கு. வெளியறையில் மின்விசிறி, அது எங்களுக்கு. நாங்கள் மூன்று பேர். வளைகுடாவில் பல வருஷம் டெலிபோன் வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் இதில் போட்டிருந்த முதலாளி, வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய் மோடம் பொருத்திக் கொடுக்கும் சர்வீஸ்காரர், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நான்.

பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து ஓர் இணைப்பு வாங்கி, அதை வைத்துச் சில நூறு பேருக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தோம். பாதிப் பேர் வியாபாரிகள், டாக்டர்கள், ஆடிட்டர்கள். மீதிப் பாதி மயிலாப்பூரிலும் அடையாறிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த பெற்றோர்கள். கடிதம் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் வீட்டு டெலிபோனிலிருந்து கம்ப்யூட்டர் எங்களைக் கூப்பிட வேண்டும். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, பிறகு அமைதியாகும். வந்திருக்கும் கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அதுவரை டெலிபோன் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு வேறு யாரும் பேச முடியாது. அதனால் கடிதம் சீக்கிரம் இறங்குவதுதான் எல்லோருக்கும் முக்கியம்.

குப்பை அஞ்சல் வரத் தொடங்கியதும் அது கெட்டது. முதலில் வாரத்துக்கு ஒன்றிரண்டு. பிறகு தினமும். வீட்டிலிருந்தபடியே லட்சாதிபதியாகலாம், படிக்காமலே பட்டம் வாங்கலாம், பத்தே நாளில் இளைக்கலாம். கொஞ்ச நாளில் படங்களும் சேர்ந்துகொண்டன. பேத்தியின் பிறந்தநாள் போட்டோவுக்காகக் காத்திருக்கும் பெரியவரின் திரையில், மேலிருந்து கீழாக, கோடு கோடாக, வேறொரு படம் விரிந்தது. படம் முழுசாகத் தெரிய வெகுநேரம் ஆகும் காலம் அது. அந்த நேரமெல்லாம் வீட்டிலுள்ளவர்கள் நின்று பார்த்திருக்கிறார்கள்.

"இன்னா மேடம் இது?" என்று சர்வீஸ்காரர் ஹெல்மெட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். "அடையாறு டாக்டர் வூட்டுக்குப் போனா, அந்தம்மா என்னிய ஏதோ நான்தான் படம் போட்டு அனுப்பிச்ச மாரி மொறைக்குது. வாசல்ல நிக்க வெச்சே பேசுது. ஊர்ல எவனோ அனுப்புறதுக்கு நான் பதில் சொல்லிக்கினுகீறேன்."

"என்ன சொன்னீங்க?"

"எங்க மேடம் பாத்துக்கும்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது?"

மேடம் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கே.கே. நகரில் வீடு. விடியற்காலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்து, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ்ஸில் நின்றபடி வந்து, மாடிப்படி ஏறி, நாற்காலியில் உட்காரும்போதே பாதி நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். அதற்கு மேல்தான் இந்த வேலை.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். குப்பை எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அதை எழுதிப் போட்டுத் தடுப்பது. தினமும் காலையில் வாடிக்கையாளர்கள் புகார் சொன்ன முகவரிகளையெல்லாம் சேர்ப்பேன். மறுநாள் அதே இளைக்கும் மருந்து வேறு பெயரில் வரும். அனுப்புகிறவன் தன் முகவரியைப் பொய்யாகப் போட முடியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் முகவரியையே எவனோ போட்டு அனுப்பியிருந்தான். நான் பார்க்காமல் அதையும் சேர்த்துவிட, அந்த மனிதர் தம் பங்காளிக்கு எழுதியது போகவில்லை என்று நேரில் வந்துவிட்டார். அத்தோடு அந்த வழியை விட்டேன்.

அடுத்தது சொற்கள். கடிதத்தில் குறிப்பிட்ட சொற்கள் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவது. வெளிநாட்டில் இதே வேலை பார்க்கும் ஒருவர் தாம் வைத்திருந்த சொல்வரிசையைப் பொதுவில் போட்டிருந்தார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவருடைய ஊருக்கு அது சரியாக இருந்திருக்கலாம். எங்கள் ஊருக்கு இல்லை. கன்னி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அதில் இருந்தது. மயிலாப்பூரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வர்ஜீனியாவில் இருந்தார்கள். முகவரியில் ஊர்ப் பெயர் எழுதிய ஒவ்வொரு பிள்ளையின் கடிதமும் பிடிபட்டது. விசா படிவத்தில் ஆணா பெண்ணா என்று கேட்கும் இடம் இருக்குமே, அந்தச் சொல்லுக்காக ஒரு குடும்பத்தின் விசாக் காகிதங்கள் முழுவதும் பிடிபட்டன. இலவசம் என்ற சொல்லுக்கு, 'இந்த வாரம் நான் ஃப்ரீயா இருக்கேன்மா' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிய மகன் பிடிபட்டான். முழுக்கப் பெரிய எழுத்தில் வரும் கடிதம் குப்பை என்று இன்னொரு விதி. எங்கள் பெரியவர்களில் பலர் கீபோர்டில் அந்தப் பெரிய எழுத்துப் பொத்தானை அமுக்கியது அமுக்கியபடியே ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். தந்தி அடித்துப் பழகியவர்கள்.

நல்லவேளையாக எதையும் அழிக்காமல் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். நல்லவேளை என்று சொல்கிறேன். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியவளும் நான்தான். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, குப்பையையும் கடிதத்தையும் பிரிப்பேன். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் போதும் என்று நினைத்தால், கண் நின்றுவிடும். யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டு மாட்டுப்பெண் போன் எடுப்பதில்லை, யாருக்குப் பரிசோதனை முடிவு சரியாக வரவில்லை, எல்லாம் தெரிந்தது. அந்த மனிதர்கள் சந்தா கட்ட மாடியேறி வருவார்கள். "சௌக்கியமா இருக்கேளா?" என்று கேட்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும். தலைவலி என்று சொல்லி உள்ளறைக்குப் போய் சர்வர் பக்கத்தில் நிற்பேன்.

ஒவ்வொரு நல்ல கடிதம் சிக்கும்போதும் ஒரு சொல்லை எடுத்தேன். எடுத்து எடுத்து, கடைசியில் மிஞ்சிய சொற்களை எந்தக் குப்பைக்காரனும் பயன்படுத்துவதில்லை என்ற நிலை வந்தது. பெட்டி காலியாக இருந்தது. புகார்கள் பழையபடி வந்தன.

இதற்கிடையில் ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மோடம் விளக்குகள் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தன. உள்ளறையில் சர்வரின் டிஸ்க் விடாமல் அரைத்துக்கொண்டிருந்தது. பார்த்தால், எங்கள் சர்வர் வழியாக எவனோ உலகம் முழுக்கக் குப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறான். அந்தக் காலத்தில் வந்த சர்வர் மென்பொருள் அப்படித்தான் அமைந்திருந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி, போக வேண்டிய இடத்துக்குத் தள்ளிவிடும். ஒருவருக்கொருவர் செய்யும் உதவி என்றுதான் முதலில் அதை ஏற்படுத்தியிருந்தார்கள். அந்தக் கதவை நான் மூடி முடிப்பதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. இப்படித் திறந்து கிடக்கும் சர்வர்களையெல்லாம் பொறுக்கித் தடைப்பட்டியலில் போடுகிற ஒரு தன்னார்வக் கூட்டம் வெளிநாட்டில் இருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்து நடக்கும் சர்வர்களெல்லாம் அதிலிருக்கும் சர்வரோடு பேசவே பேசாது. எங்கள் பெயரும் அதில் ஏறிவிட்டது.

எங்கள் வாடிக்கையாளர்கள் எழுதியவை திரும்பி வர ஆரம்பித்தன. தோல் ஏற்றுமதி செய்யும் ஒருவர் காலையிலேயே போனில் கத்தினார். "ஜெர்மன்காரன் என்னைத் திருடன்னு நினைக்கிறாம்மா! ஆர்டர் போயிடும்மா!" முதலாளி ரத்த அழுத்த மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினார். நான் கதவை மூடிவிட்டதாக அந்தக் கூட்டத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். முகம் தெரியாத ஒருவரிடம், எங்களுடையது சின்னக் கம்பெனி, வேண்டுமென்று செய்யவில்லை என்று பள்ளிப் பிள்ளை மாதிரி விளக்கம் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. வார மத்தியில் ஒரு வரியில் பதில் வந்தது: சோதித்தோம், எடுத்துவிட்டோம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. முதலாளிக்கோ அந்தக் கூட்டத்தின் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

"பாத்தியாம்மா, நம்மள ஒரே அடியில வழிக்குக் கொண்டாந்துட்டானுங்க. அதையே நாமளும் போட்டுட்டா என்ன?"

"போடலாம் சார். ஆனா அதுல ஒரு சங்கடம் இருக்கு. இப்ப நான் பெட்டியில எடுத்து வெக்கிற மாதிரி அது எடுத்து வெக்காது. வாசல்லயே திருப்பி அனுப்பிடும். நம்மகிட்ட வந்ததுக்கு அடையாளம்கூட இருக்காது. நல்ல லெட்டரும் அதோட போயிடும்."

"நல்லவன் எதுக்கும்மா அந்த மாதிரி எடத்துலேர்ந்து எழுதப்போறான்?"

"நாம இருந்தோமே சார், போன வாரம்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "உன் மூஞ்சியப் பாரும்மா. எத்தன நாளைக்கு உக்காந்து பொறுக்கிக்கிட்டிருப்ப?" என்றார். அவர் சொன்னது என் மேலிருந்த அக்கறையால்தான். அந்தப் பட்டியலைப் பார்த்து நடக்கும்படி சர்வரில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன்.

அது வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அடுத்த சில வாரங்கள் குப்பை சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அடையாறு டாக்டர் வீட்டில் சர்வீஸ்காரரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். நான் மாலையில் நேரத்தோடு கிளம்பி, பனகல் பூங்கா நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். உட்கார இடம் கிடைத்த நாட்களும் உண்டு.

ஒருநாள் மதியம் ஒரு மாமி மாடியேறி வந்தார். கீழே பாத்திரக் கடைக்காரர்கள் படி ஓரமெல்லாம் எவர்சில்வர் அண்டாக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு நடுவே குடையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறி வந்திருந்தார். மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் வீடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே பெண், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இதெல்லாம் சர்வீஸ்காரர் சொல்லி எனக்கு ஓரளவு தெரியும். ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"இங்கே மெயில் பாத்துக்கறது யாரும்மா?"

"நான்தான் மாமி. உக்காருங்க."

"என் பொண்ணுகிட்டேர்ந்து லெட்டரே காணும். முன்னாடி நன்னா வந்துண்டிருந்தது. இப்போ லெட்டரும் வரல்லை, அந்தக் குப்பையும் வரல்லை. மெஷின்ல ஏதாவது கோளாறோன்னு கேட்டுண்டு போலாம்னு வந்தேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நாங்கள் அந்த வரியைச் சேர்த்த சமயத்தைச் சொன்னார்.  அவருடைய பெண்ணின் முகவரியைக் கேட்டு வாங்கி, சர்வரின் பதிவுகளில் தேடினேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வர் எங்களைப் போலவே திறந்து கிடந்திருக்கிறது, தடைப்பட்டியலில் இருந்தது. அங்கிருந்து ஒரு கடிதம் எங்கள் வாசலுக்கு வந்திருந்தது. மறுத்துத் திருப்பி அனுப்பியிருந்தோம். அதற்குப் பிறகு அந்தப் பெண் எழுதவே இல்லை.

"அவங்க எழுதியிருக்காங்க மாமி" என்றேன்.

"எழுதியிருக்காளா? எங்கே?"

"இங்க இல்ல. உள்ள வரவேயில்ல. அவங்க காலேஜ் மெஷின்லேர்ந்து வர்றதையெல்லாம் எங்க மெஷின் வேண்டாம்னு சொல்லிடுது. குப்பைக்காக வெச்சது."

"வேண்டாம்னு சொல்றதுன்னா? யார்கிட்ட சொல்றது?"

"அனுப்பினவங்ககிட்ட. அவங்களுக்கே ஒரு பதில் போயிடும்."

"என்ன போட்டு?"

அந்தப் பதிலில் இருப்பதை அவருக்குத் தமிழில் சொன்னேன். மேலே மாமியின் முகவரி. கீழே, உங்களிடமிருந்து வரும் அஞ்சல் ஏற்கப்படாது, மறுக்கப்பட்டது. அதற்கும் கீழே எண்களும் எங்கள் சர்வரின் பெயரும். எனக்கு அது இயந்திரம் எழுதியது என்று பார்த்ததும் தெரியும். அந்தப் பெண் படித்தது செடிகொடிகளைப் பற்றி.

மாமி குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்போ என் பேர் போட்டு, வேண்டாம்னு போயிருக்கு" என்றார்.

"மாமி, போன் பண்ணிச் சொல்லிடலாமே?"

"பண்ணினேனே. ஆத்து போன்ல வெளிநாடு பேச முடியாது, பக்கத்துத் தெரு பூத்துலேர்ந்து ரெண்டு தடவை. அவ எடுக்கல்லை, செய்தி சொல்லுன்னு மெஷின் பேசித்து. அதுகிட்ட நான் என்னத்தைச் சொல்லட்டும்? வெச்சுட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு முழுக்கச் சொன்னாத்தான் புரியும். அவளோட படிக்கறவன் ஒருத்தனைப் பண்ணிக்கறேன்னா. நம்ம மனுஷாளும் இல்லை, நம்ம தேசமும் இல்லை. நேக்குக் கோபம் வந்துடுத்து. கன்னாபின்னான்னு எழுதினேன். இனிமே எழுதாதேன்னு எழுதல்லை. ஆனா அதுக்கு அடுத்தபடி என்ன உண்டோ அதெல்லாம் எழுதினேன். அதுக்கு அவ பதில் போட்டிருக்கா. அதைத்தான் உன் மெஷின் திருப்பிடுத்து."

சர்வீஸ்காரர் கீழே போய் டீ வாங்கி வந்திருந்தார். டம்ளரை மாமி முன்னால் வைத்துவிட்டு, "மெஷின்தாம்மா, மன்சன் இல்லியே, சொன்னா புரிஞ்சிக்கும்" என்றார். பெண்ணைச் சொன்னாரா மாமியைச் சொன்னாரா தெரியவில்லை. மாமி டீயைத் தொடவில்லை.

என் நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளறைக்குப் போய், அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதை மட்டும் விட்டுவிடும்படி சர்வரில் மாற்றம் செய்தேன். திரும்பி வந்தபோது, "கடைசியில நீ ரெண்டு வரி போடும்மா. நான் சொன்னா சாக்குச் சொல்றேன்னு நெனைப்பா" என்றார். உங்கள் அம்மா இதைச் செய்யவில்லை, சர்வரைப் பார்த்துக்கொள்பவள் நான், மறுத்தது இயந்திரம் என்று ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே நம்பும்படியாக இல்லை.

பதில் உடனே வரவில்லை. மாமி தினமும் சாப்பாட்டு வேளை முடிந்ததும் அலுவலகத்துக்குப் போன் செய்வார். "ஒண்ணும் வரல்லையோ?" "இல்ல மாமி." "திருப்பிகிருப்பி அனுப்பிடலையே?" "இல்ல மாமி, பாத்துட்டேன்." நான் உண்மையாகவே பார்த்திருப்பேன். காலையில் வந்ததும் முதல் வேலை அதுதான். பிறகு ஒருநாள் போன் வரவில்லை. பதிவுகளில் பார்த்தேன், முந்தின நாள் மாலை ஒரு கடிதம் வந்திருந்தது. மாமி அதை இறக்கிக்கொண்டும் விட்டார்.

என்ன ஆயிற்று என்று நானாகக் கேட்கத் தயக்கமாக இருந்தது. அடுத்த வாரம் இடி இடித்ததில் மயிலாப்பூர்ப் பக்கம் பல வீடுகளில் மோடம் போய்விட்டது. மாமி வீட்டிலும். சர்வீஸ்காரர் கிளம்பும்போது நானும் வருகிறேன் என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

முதல் மாடியில் சின்ன வீடு. கூடத்தில் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை. சர்வீஸ்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து பழைய மோடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமி எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "கல்யாணம் ஆயிடுத்து" என்றார்.

நான் தம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

"திரும்பிப் போச்சே, அந்த லெட்டர்ல, நீ வர வரைக்கும் காத்துண்டிருக்கேன்மா, எப்போ வரேன்னு மட்டும் சொல்லுன்னு எழுதியிருந்தாளாம். வேண்டாம்னு பதில் வந்ததும், இனிமே யாருக்காகக் காத்துக்கணும்னு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிண்டுட்டா. நான் உன் ஆபீஸ்ல உக்காந்து டைப் அடிச்சுண்டிருந்தேனே, அதுக்கு முந்தின வாரம்."

"மாமி, நான்…"

"உன்னை ஒண்ணும் சொல்லல்லை. உன் மெஷினையும் சொல்லல்லை. நான் எழுதினதுக்கு அது பொருத்தமாத்தானே பதில் போட்டிருக்கு? என் வார்த்தை மாதிரி இல்லேன்னா அவளுக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்." காபி ஆறுகிறது, குடி என்றார். குடித்தேன். "போட்டோ அனுப்பியிருக்கா. பையன் நன்னா இருக்கான். உயரம். அந்த மோடம் சரியானதும் நீயும் பாத்துட்டுப் போ."

கிளம்பும்போது படி வரை வந்தார். "ஒண்ணு பண்ணும்மா. என்னோட பெட்டிக்கு வரதை எதையும் நிறுத்தாதே. குப்பையா இருந்தா இருக்கட்டும். நானே பாத்துத் தள்ளிக்கறேன். நேரம் நிறைய இருக்கு நேக்கு."

ஆட்டோவில் சர்வீஸ்காரர் பழைய மோடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லஸ் முனை திரும்பும்போது, "அந்த ஒரு லைன எடுத்துரு மேடம்" என்றார். "மோரு குடுக்காட்டி பரவால்ல."

முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு இரண்டு மகள்கள். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்று, கீழே ஜனக்கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, தெருவில் கால் வைக்க இடமில்லை.

"எடுத்துடும்மா" என்றார். "ஆனா தோல்காரர் சும்மா விடமாட்டாரு. அவரு ஒரு குப்பையும் வேணாம்னு சொல்றாரு. அவரு கட்டுற பணத்துலதான் நாம உக்காந்திருக்கோம்."

பல நாள் யோசித்து ஒரு வழிக்கு வந்தோம். தடைப்பட்டியலை வைத்துக்கொள்வது. ஆனால் அதைக் கேட்டு எதையும் வாசலில் திருப்புவதில்லை. வாங்கிக்கொண்டு, தலைப்பின் முன்னால் 'குப்பையாக இருக்கலாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு குறி போட்டு உள்ளே விடுவது. வேண்டுமென்றவர்களுக்கு மட்டும் குறி போட்டதைத் தனிப் பெட்டியில் ஒதுக்கி வைப்பது. அந்தப் பெட்டியை அவரவரே பார்த்துக்கொள்வது, நான் திறப்பதில்லை. குறி போட்ட குப்பையும் போன் வழியாக இறங்கத்தான் செய்யும், மீட்டரும் ஓடத்தான் செய்யும். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு எது வேண்டும் என்று கேட்க ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் செய்தோம். நான் பாதி, சர்வீஸ்காரர் பாதி. ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: குப்பை ஒன்றுகூட வரக் கூடாது, கடிதம் ஒன்றுகூடத் தவறக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது, எது முக்கியம் என்று சொல்லுங்கள் என்று கேட்டால் கோபித்துக்கொண்டார்கள். "அதுக்குத்தானே உங்களுக்குப் பணம் கட்டறோம்?" நான் வர்ஜீனியாக் கதையிலிருந்து ஆரம்பித்து விளக்குவேன். பத்துப் பேருக்கு விளக்கிய பிறகு குரல் கட்டிவிடும். அந்தப் பக்கம் சர்வீஸ்காரர், "சார், நைனா, சொல்றத கேளு நைனா, உன் லெட்டரு எங்கியும் போவாது" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். அடையாறு டாக்டர் வீட்டம்மாள் மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வரட்டும். ஆனா குழந்தைகள் பார்க்கறதுக்கு முன்னாடி நான் பாத்துக்கறேன்" என்றார். தோல்காரர் தனிப் பெட்டி கேட்டார். அதைத் திறந்து பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். அது நிரம்பி நிரம்பி வழியும். அவரைக் கேட்டுக்கொண்டு நான் காலி செய்வேன்.

அதன் பிறகு புகார் நின்றதென்று சொல்ல மாட்டேன். குறைந்தது. குறி போட்டிருப்பதைப் பார்த்ததும் மக்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. நம்மைத் தவிர வேறு யாருக்கோ இது குப்பை என்று தெரிந்திருக்கிறதே என்று. சில பேர் குறி போட்டதைத்தான் முதலில் திறந்து பார்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மாமி அடுத்த வருஷம் பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போனார். போவதற்கு முன் ஒருநாள் போனில் சொல்லிக்கொண்டார். பெண் இப்போது சரளமாகப் பேசுகிறாளா என்று கேட்டேன். "பேசறா. அளந்து அளந்து பேசறா. நானும் அப்படித்தான். போய் உக்காந்தா சரியாப் போயிடும்னு பாக்கறேன்" என்றார். சரியாயிற்றா என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வருவதற்குள் எங்கள் வாடிக்கையாளர்கள் கலைய ஆரம்பித்துவிட்டார்கள். காசில்லாமல் மின்னஞ்சல் கொடுக்கும் வெளிநாட்டுத் தளங்கள் வந்தன. தெருவுக்கு ஒரு இன்டர்நெட் மையம் முளைத்தது. பெரியவர்கள்கூடப் பக்கத்துக் கடைக்குப் போய்ப் பேரனுக்கு எழுதப் பழகிவிட்டார்கள். முதலாளி இணைப்பைத் திருப்பிக் கொடுத்தார். சர்வீஸ்காரர் கேபிள் டி.வி. வேலைக்குப் போனார். சர்வரைப் பழைய மின்சாமான் விற்கும் ரிச்சி தெருவில் யாரோ வாங்கிப் போனார்கள்.

எனக்குக் கொட்டிவாக்கத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். நேர்முகத் தேர்வில் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு எதை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், மெயில் வேலை மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். சரி என்றார்கள். சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கே சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மேனேஜர் என் மேஜைக்கு வந்து, "உங்களைத் தவிர இது யாருக்கும் தெரியாதாமே, மேடம்" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சர்வர் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டேன்.